நின்றுகொண்டிருக்கும் காரும் காற்றைக் கெடுக்கும்!

கார் ஓடினால் புகை வரும், நின்றால் வராது. ரொம்ப காலம் எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனையை யாரும் மாசுக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்க வைத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம்.

1943 ஜூலை 26. பட்டப்பகலில் அந்த நகரத்தை ஒரு மூட்டம் கவ்வியது. கண் எரிச்சல், தொண்டைக் கமறல். உலகப்போர் நேரம் வேறு. ஜப்பான் விஷவாயு போட்டுவிட்டதோ என்றுகூட ஜனங்கள் பயந்தார்கள்! பிறகு செயற்கை ரப்பருக்கு பியூட்டாடையீன் தயாரித்த ஒரு ஆலை மீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். மூட்டம் அசையவில்லை.

விடை சொன்னவர் கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்தில் பிறந்தவர், அன்னாசிப் பழத்தின் மணம் எந்த வேதிப்பொருட்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் (பழ வாசனை பிடித்த மூக்குக்கு நகரத்தின் நாற்றம் பிடிபட்டது பொருத்தம்தான்). எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். எண்ணெய்க் கம்பெனிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உண்மை அவர் பக்கம் இருந்தது.

ஹைட்ரோகார்பன் சைலன்சர் வழியாக மட்டும் வரவில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். அன்றைய கார்களில் டேங்கும் கார்புரேட்டரும் காற்றுக்குத் திறந்தே இருந்தன. வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் ஆவியாகி நேராக ஊருக்குள் போகும். ஒரு கார் வெளிவிடும் ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போனதுதான்.

1970 மாடல் கார்களில் கலிபோர்னியாவும், 1971 மாடலில் அமெரிக்கா முழுவதும் இதற்குக் கடிவாளம் போட்டன. டேங்கை மூடி, ஆவியை ஒரு கரி டப்பாவுக்குத் திருப்பிவிட்டார்கள். கார் நிற்கும்போது கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது டப்பா வழியாகக் காற்றை உறிஞ்சி அந்த ஆவியையும் சேர்த்து எரித்துவிடும். எளிமையான, அழகான யோசனை.

ஆனால் ரப்பர் குழாய்க்கு வயசாகுமே! பத்துப் பதினைந்து வருடத்தில் குழாய் வெடிக்கும், மூடியின் வாஷர் காயும், பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாய் துருப்பிடிக்கும். யாரோ மூடியைத் தொலைத்துவிட்டு, காற்றோட்டத் துளை உள்ள பழைய மாதிரி மூடியை வாங்கிப் போட்டிருப்பார்கள். கார் வழக்கம்போல ஓடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. புகைச் சோதனையில் சைலன்சரில் குழாய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் கசிவு வேறு இடத்தில்.

1996 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு ஓ.பி.டி.-2 கட்டாயம் ஆனது. அடுத்த சில வருடங்களில் காரே தன் டேங்கைச் சோதித்துக்கொள்ளும் வசதி பரவியது. வால்வுகளை மூடி, டேங்குக்குள் லேசான வெற்றிடம் உண்டாக்கி, அது நிற்கிறதா என்று சென்சார் பார்க்கும். முதலில் 0.040 அங்குல (1 மி.மீ.) ஓட்டை, 2000 மாடலிலிருந்து படிப்படியாக அதில் பாதி. பி0442 என்றால் சிறு கசிவு, பி0455 என்றால் பெரியது. பல நேரங்களில் மூடியைச் சரியாகத் திருகாததுதான் காரணம்!

அப்போ 1996க்கு முந்தைய கார்கள்? அவற்றுக்கு வாய் கிடையாது. 2007 டிசம்பரில் கலிபோர்னியா தன் ஸ்மாக் செக்கில் இவற்றுக்கென்றே ஒரு சோதனையைச் சேர்த்தது. மிகக் குறைந்த அழுத்தத்தில் டேங்குக்குள் வாயுவை அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்கினால் தோல்வி. சரிசெய்து தேறும் வரை பதிவைப் புதுப்பிக்க முடியாது. தினமும் அந்த ஒரே காரில் வேலைக்குப் போகிறவருக்கு இது லேசான விஷயம் இல்லை.

கசிகிறது என்று தெரிந்தால் போதுமா, எங்கே என்று தெரிய வேண்டாமா? இங்கேதான் புகை இயந்திரம் வந்தது. மினரல் ஆயிலைச் சூடாக்கி எடுத்த வெள்ளைப் புகையைக் குழாய்க்குள் செலுத்தி, டார்ச் அடித்துத் தேடுவார்கள். வெடிப்பிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பும். கம்ப்ரஸர் காற்றை டேங்குக்குள் அடிப்பது மட்டும் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவியோடு ஆக்சிஜன் சேர்ந்தால் ஒரு பொறி போதும், அதனால்தான் நைட்ரஜன்.

இடம் தெரிந்தபின் வேறொரு தொல்லை. 1980களின் கரி டப்பாவும் வால்வும் பல மாடல்களுக்கு இப்போது தயாரிப்பதில்லை. மெக்கானிக்குகள் பழைய கார்களை உடைக்கும் யார்டுகளில் அலைகிறார்கள். 1975 மாடலும் அதற்கு முந்தையதும் வைத்திருப்பவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை, அவற்றுக்கு ஸ்மாக் செக்கே கிடையாது.