ஓவியத்தை விற்பதா, உரிமம் தருவதா? ஓராண்டுக்கு முன்பே போட வேண்டிய கணக்கு

தீபாவளி நெருங்கும்போது வங்கிகளும் பேரங்காடிகளும் அங்பாவ் உறைகளை வழங்குகின்றன. மயில், குத்துவிளக்கு, கோலம் என ஒவ்வோர் உறையிலும் ஒரு படம் இருக்கும். அம்பாங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களில் வீட்டிலிருந்தே வரையும் நம் இளைஞர்களுக்கு இது ஒரு வருமான வழி. படத்தை மொத்தமாக விற்றுவிடாமல், குறிப்பிட்ட பொருளில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பயன்படுத்த அனுமதித்துப் பணம் பெறுவதே கலை உரிமம்.

லாட் காட்டிய வழி

கேலிச்சித்திரக் கலைஞர் டத்தோ லாட் 1979இல் 'கம்போங் போய்' நூலை வெளியிட்டார். 1984இல் பத்திரிகை வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். தம் கதாபாத்திரங்கள் இடம்பெறும் பொருள்களைக் கவனித்துக்கொள்ளத் தனி நிறுவனமும் அமைத்தார். அந்தக் கிராமத்துச் சிறுவன் 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சித் தொடரில் வந்தான். 2006இல் அமெரிக்காவிலும் நூலாக வெளியானான். ஒரு முறை வரைந்தது 27 ஆண்டுகள் கழித்தும் புதிய சந்தையைக் கண்டது.

சட்டம் சொல்வது

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் உரிமை ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் மேலும் 50 ஆண்டுகளும் நீடிக்கும். ஆனால் ஒரு நிறுவனம் கேட்டு, அதற்காகவே வரைந்து கொடுத்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமை அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். பலர் ஏமாறும் இடம் இதுதான். ஆகவே, பென்சிலை எடுக்கும் முன்பே "உரிமை ஓவியருக்கே" என்று எழுதி வாங்க வேண்டும். உரிமம் தருவதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

2012 முதல், மைஐபிஓ எனும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் படைப்பை விருப்பத்தின் பேரில் பதிந்து வைக்கலாம். வழக்கு என்று வந்தால் இந்தப் பதிவு சான்றாகும். கழகத்தின் அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில் உள்ளது. அம்பாங்கிலிருந்து எல்ஆர்டியில் ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் கிளானா ஜெயா தடத்துக்கு மாறிப் போகலாம்.

சிறு கணக்கு

பேச்சுக்கு, ஓர் உறை 30 சென் என்று வைத்துக்கொள்வோம். 50,000 உறைகளின் மதிப்பு 15,000 ரிங்கிட். ஓவியருக்கு 6 விழுக்காடு என்றால் 900 ரிங்கிட் கிடைக்கும். அடுத்த ஆண்டு மீண்டும் அச்சிட்டால் மீண்டும் 900. அதே படத்தை 800 ரிங்கிட்டுக்கு மொத்தமாக விற்றிருந்தால் கணக்கு அதோடு முடிந்திருக்கும்.

ஓராண்டுத் திட்டம்

தீபாவளி அக்டோபர் அல்லது நவம்பரில் வரும். அச்சுக்கும் விநியோகத்துக்கும் மாதங்கள் பிடிக்கும் என்பதால், ஆகஸ்டில் படத்தோடு போனால் கதவு சாத்தியிருக்கும். முந்தைய தீபாவளி முடிந்ததுமே வரையத் தொடங்கி, ஆண்டின் முற்பகுதியிலேயே மாதிரிகளைக் காட்டுவது பாதுகாப்பு. தைப்பூசமும் பொங்கலும் ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்துவிடும்; அவற்றுக்கான வேலையை ஓராண்டு முன்னரே ஆரம்பிக்க வேண்டும். நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்வதால், அதற்கு நாட்காட்டியைப் பார்த்தே திட்டமிட வேண்டும்.

ஒற்றைப் படத்தைவிட, ஒரே கருவில் ஆறேழு படங்கள் கொண்ட தொகுப்பு நல்லது. மயிலைத் தனியாக, ஓரக்கோலத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கும்படி கோப்பைச் சேமித்தால், உறைக்கு வரைந்ததை வாழ்த்து அட்டைக்கும் துணிப்பைக்கும் பயன்படுத்தலாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

• எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டில்?
• எத்தனை பிரதிகள், எந்தத் தேதி வரை?
• அந்த நிறுவனத்துக்கு மட்டுமா, மற்றவர்களுக்கும் தரலாமா?
• விற்பனைக் கணக்கும் பணமும் எப்போது வரும்?
• படத்தில் ஓவியரின் பெயர் இடம்பெறுமா?

இவற்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் கையெழுத்தைத் தள்ளிப்போடலாம். ஓராண்டு முன்பே தொடங்கியவருக்குத்தான் அந்த அவகாசம் இருக்கும்.