ஒரு 'ஹெச்' வந்து போகும் கதை

வணிகவியல் படிப்பவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேதியியல் எனக்கு வேண்டாம் நண்பர்களே, அதன் ஐரிஷ் சொல் போதும்.

ஐரிஷில் வேதியியல் 'கெமிக்'. 'வேதியியல் சார்ந்த' என்ற பெயரடை, ஏறக்குறைய, 'கெமிகஹ்'. வேர் வெளியூர்ச் சரக்கு. அரபியின் 'அல்கிமியா' லத்தீன் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியதன் ஒரு கிளை. கடைசியில் ஒட்டியிருக்கும் 'அஹ்' மட்டும் பழைய ஐரிஷிலிருந்தே வரும் விகுதி. அயர்லாந்துக்காரர் என்று சொல்லும் 'எய்ரனஹ்' என்பதிலும் அதுதான் இருக்கிறது.

இலக்கணம்தான் வேடிக்கை. நம் பெயரடை எந்தப் பெயருக்கு முன் வந்தாலும் அப்படியே நிற்கும். ஐரிஷில் பெயரடை பின்னால் வரும், பெயரைப் பார்த்து மாறும். 'வேதிவினை' அங்கே ஆண்பால், அதனால் 'கெமிகஹ்' மாறாது. 'பொறியியல்' பெண்பால், வேதிப் பொறியியல் என்றால் 'ஹெமிகஹ்'. வேதி ஆயுதங்கள் என்று பன்மையில் சொன்னால் முதலும் மாறி, முடிவிலும் ஓர் 'ஆ' சேர்ந்து 'ஹெமிகஹா'. எழுத்தில், முதலில் உள்ள 'ஸி'க்குப் பின் ஒரு 'ஹெச்' நுழையும். பழைய கேலிக் எழுத்தில் மேலே ஒரு புள்ளி வைத்தாலே போதும். ஆங்கிலத்தில் இதே சொல்லில் 'ஹெச்' எப்போதும் இருக்கும். ஐரிஷில் அது இலக்கணம் கூப்பிட்டால்தான் வரும்.

'ஆங்கிலச் சொல்லுக்கு ஐரிஷ் சட்டை' என்று யாராவது சிரித்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இவ்வளவு வளைகிற சொல் எப்படி அந்நியமாகும்?

வேதியியலின் முன்னோடி ராபர்ட் பாயில் பிறந்ததே அயர்லாந்தின் லிஸ்மோரில், 1627இல். ஐரிஷ் பைபிள் அச்சாக 1680களில் பணம் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அவருடைய வேதியியல் ஆங்கிலத்திலும் லத்தீனிலும்தான் வந்தது. காசு வேதத்துக்குப் போனது, வேதியியலுக்கு இல்லை. 1922இல் தனி அரசு அமைந்து, பள்ளிகளில் ஐரிஷ் கட்டாயமான பிறகுதான் இப்படிப்பட்ட சொற்களுக்கு அவசரத் தேவை வந்தது.

2007இல் ஐரிஷ் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழியானது. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் போதாததால் எல்லாச் சட்டங்களையும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று சலுகை இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அதுவும் இல்லை. வேதிப்பொருள் பற்றி ஒன்றியம் புதிதாகச் சட்டம் போட்டால், அந்த 'ஹெச்' வருமா வராதா என்று ஒருவர் வரிவரியாகப் பார்த்தாக வேண்டும்.