பீட்டர் கோவர் என்றொரு கிரேக்கர்

ஒரு பழைய ஓலைச்சுவடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீன தேசத்திலிருந்து ஏழுமலை என்றொரு ஞானி வந்து நம் ஊரில் பள்ளிக்கூடம் வைத்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. முதலில் சிரிப்பீர்கள். அப்புறம் மண்டைக்குள் குடைய ஆரம்பிக்கும். ஏதோ ஒரு சீனப் பெயர் நம்மாள் காதில் இப்படி விழுந்திருக்குமோ? உட்கார்ந்து யோசித்து, பொருத்தமான ஒரு சீனப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆனால் அந்தச் சுவடியே உண்மைதானா என்ற கேள்வி மட்டும் அன்றைக்கு உங்களுக்குத் தோன்றாது.

1753 செப்டம்பரில் லண்டனில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அங்கே ஏழுமலைக்குப் பதில் பீட்டர் கோவர்.

சின்ன முன்கதை ஒன்று தேவை. ஃப்ரீமேசன்கள் என்பவர்கள் கொத்தனார், கல்தச்சர் சங்கங்களின் மரபைத் தங்களுடையதாக வரித்துக்கொண்ட ஒரு சகோதர அமைப்பு. அவர்கள் கூடும் குழுவுக்கு லாட்ஜ் என்று பெயர். (பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் இல்லை.) ரகசியச் சடங்கு, கைகுலுக்கும் முறை என்று அவர்களைப் பற்றி ஆயிரம் கதை உண்டு. நடைமுறையில் அந்தக் காலத்து லாட்ஜ்கள் மதுக்கடைகளில்தான் கூடின. 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜ்கள் சேர்ந்து கிராண்ட் லாட்ஜ் அமைத்த இடம்கூட, செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மதுக்கடை. அதன் பெயர் 'வாத்தும் கம்பியடுப்பும்'. இசைக் கூடங்களின் வாசலில் தொங்கிய 'அன்னமும் யாழும்' பலகையைக் கிண்டல் செய்து வைத்த பெயர் என்று சொல்வார்கள். சாப்பாடு, குடி, பாட்டு, ஒருத்தரை ஒருத்தர் ஓட்டுவது எல்லாம் சடங்கோடு சேர்ந்தே நடந்த இடம் அது.

இனி 1753. ஜென்டில்மேன்ஸ் மேகஸீன் என்ற புகழ்பெற்ற மாத இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் தத்துவ அறிஞர் ஜான் லாக் என்றது இதழ். தேதி 1696 மே 6. லாக் இறந்தது 1704இல், ஆகவே அவரைக் கேட்டுப் பார்க்க வழியில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலிருந்து பழைய கையெழுத்துப் படி ஒன்றின் நகலைப் பெற்றதாகவும், அடிக்குறிப்புகளோடு அனுப்புவதாகவும் ஒரு பிரபுவுக்கு எழுதுகிறார். அந்தப் படியோ, 15ஆம் நூற்றாண்டு மன்னர் ஆறாம் ஹென்றி தன் கைப்பட எழுதிய கேள்வி-பதிலாம். அதை எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி ஜான் லேலண்ட் என்ற அறிஞர் நகலெடுத்தாராம். அரசர், அறிஞர், தத்துவவாதி என்று மூன்று பேருடைய முத்திரை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கடிதத்தில் வீட்டுப் பேச்சுகூட உண்டு. லாக் கடைசிக் காலத்தில் எஸ்ஸெக்ஸில் மேஷம் சீமாட்டியின் வீட்டில் தங்கியிருந்தது உண்மை. அந்த அம்மாள் மேசன் விஷயத்தில் மயங்கிப்போய், தான் ஆணாகப் பிறந்திருந்தால் சேர்ந்திருக்கலாமே என்று ஏங்குவதாகக் கடிதம் சொல்கிறது. மேசன்கள் மற்றவர்களைவிட நல்லவர்களா என்று கையெழுத்துப் படியில் ஒரு கேள்வி. சிலர் அப்படி இல்லை, ஆனால் மேசன் ஆகாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நல்லவர்கள்தான் என்கிற பொருளில் பதில். இந்தப் பதிலை எழுதினவர் யாராக இருந்தாலும் மேசை நண்பர்களை நன்றாக அறிந்தவர்.

சரி, பீட்டர் கோவருக்கு வருவோம். மேசன் கலை இங்கிலாந்துக்கு எப்படி வந்தது என்று ஒரு கேள்வி. பீட்டர் கோவர் என்ற கிரேக்கர் எகிப்துக்கும் சிரியாவுக்கும், வெனிஷியர்கள் இந்தக் கலையை நட்டுவைத்த நாடுகளுக்கெல்லாம் போய்க் கற்றுக்கொண்டு, கிராட்டன் என்ற ஊரில் பெரிய லாட்ஜ் அமைத்தார் என்பது பதில். கோவர் என்பது அசல் ஆங்கிலப் பெயர். கிராட்டன் என்ற பெயரில் இங்கிலாந்தில் ஊர் இருக்கிறது. ஒரு கிரேக்கருக்கு இது எப்படிப் பொருந்தும்?

அடிக்குறிப்பில் 'லாக்' விடை சொல்கிறார். பித்தாகரஸை பிரெஞ்சுக்காரர்கள் எப்படிச் சொல்வார்கள்? பித்தாகோர். அதைக் காதால் கேட்ட ஆங்கில எழுத்தர் எழுதினால்? பெத்தகோர், பீட்டர் கோவர்! வெனிஷியர் என்றால் வெனிஸ்காரர்கள் இல்லை, பினீஷியர். கிராட்டன் என்றால் பித்தாகரஸ் பள்ளி நடத்திய தென் இத்தாலியக் குரோட்டோனா. எல்லாம் பளிச்சென்று பொருந்துகிறது.

முதல் தடவை இதைப் படித்தபோது நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொய்யெழுதுகிறவன் பித்தாகரஸ் என்றே எழுதிவிட்டுப் போயிருப்பானே, இப்படிப் பிழையோடு எழுதுவானா என்றுதான் மனசு சொல்லும். பிழைதான் இங்கே அத்தாட்சி.

இந்தத் தந்திரத்தை நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். பழைய டீமில் ஒரு நண்பர் இருந்தார். கோட் ரிவ்யூவுக்கு அனுப்பும்போது கண்ணில் படும்படி ஒரு எழுத்துப்பிழையை வேண்டுமென்றே விட்டுவைப்பார். ரிவ்யூ பண்ணுகிறவர் அதைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் மற்றதையெல்லாம் சரி என்று தட்டிவிடுவார். என்னிடமும் இரண்டு தடவை செய்திருக்கிறார். டீக்கடையில் வைத்து அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

லண்டன் கடிதமும் அப்படித்தான். 1772இல் வில்லியம் பிரஸ்டன் தன் மேசன் நூலில் அதைச் சேர்த்துக்கொண்டார். அந்த நூல் பல பதிப்புகள் கண்டது, கூடவே பீட்டர் கோவரும் ஊர் சுற்றினார். கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் குரல் எடுபடவில்லை. கடைசியில் 1840 வாக்கில் ஹாலிவெல் என்ற இளைஞர், அப்போது இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், மேசன்கூட இல்லை, ஒரு எளிய காரியம் செய்தார். போட்லியன் நூலகத்துக்குப் போய்த் தேடினார். அப்படி ஒரு படி அங்கே இல்லை. கடிதத்துக்கு மூலமாகச் சொல்லப்பட்ட 1748ஆம் வருஷத்து ஃப்ராங்ஃபர்ட் வெளியீடும் யாருக்கும் அகப்படவில்லை. படியைப் பெற உதவியவராகக் கடிதம் அரைகுறையாகக் குறிப்பிடுவது லாக்கின் நண்பர் காலின்ஸை என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நட்பு தொடங்கியதோ 1703இல்தான். கடிதத்தின் தேதிக்கு ஏழு வருஷம் கழித்து!

அப்படியானால் நிஜமான பிழை எப்படி இருக்கும்? மேசன்களின் அசல் பழைய ஆவணங்களிலேயே அதற்கு மாதிரி கிடைக்கிறது. இடைக்காலக் கல்தச்சர்களின் கதையும் விதிகளும் அடங்கிய படிகள் நூறுக்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குக் படியில் வடிவக் கணித மேதை யூக்ளிடின் பெயர் 'எங்லெட்' என்று இருக்கிறது. காரணம் காது இல்லை, கண். அந்தக் காலக் கையெழுத்தில் யூ எழுத்தும் என் எழுத்தும் ஒரே மாதிரி இரண்டு கோடுகள். யாரோ ஒருவர் தப்பாகப் படித்தார், அடுத்தவர் அப்படியே நகலெடுத்தார். இதில் எந்த ஜோக்கும் இல்லை.

அதைவிடச் சிக்கலானவர் நேமஸ் கிரேக்கஸ். சாலமோனின் ஆலயம் கட்டிய இடத்தில் இருந்தவராம், பிறகு ஃப்ராங்கியத் தலைவன் சார்லஸ் மார்ட்டலுக்கு மேசன் கலை சொல்லிக்கொடுத்தாராம். நடுவில் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி! ஒரு படியில் நேமஸ் கிரேக்கஸ், இன்னொன்றில் மேமஸ் கிரேக்கஸ், வேறொன்றில் மேமன் கிரீட்டஸ். யார் இவர்? ஆங்கிலத் துறவி அல்குயின் என்று ஒரு கட்சி, வேறு பெயர்களோடு வேறு கட்சிகள். எந்த விடையும் பளிச்சென்று பொருந்தவில்லை.

நிஜமான பிழைக்கும் ஜோடித்த பிழைக்கும் நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான். நிஜப் பிழை யாரையும் மனதில் வைத்து நடந்ததில்லை. படிக்குப் படி மாறும், பாதியில் நிற்கும். ஜோடித்த பிழையோ வாசகனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒரே ஒரு விடைதான், அதுவும் படித்தவனுக்குப் பெருமை தரும் விடை. பீட்டர் கோவர் கதையில் மூன்று பெயர்ப் பிழைகள், மூன்றுக்கும் விடை பக்கத்திலேயே. இவ்வளவு ஒழுங்கான குழப்பம் எந்த நிஜ ஆவணத்திலும் நான் பார்த்ததில்லை.

நிஜ வாழ்க்கையில் பெயர்கள் எவ்வளவு கலைந்து கிடந்தன என்பதற்கு எலியாஸ் ஆஷ்மோலின் நாட்குறிப்பு சாட்சி. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜோதிடப் பைத்தியம் ஆனதால் நேரத்தோடு குறிப்பார். 1646 அக்டோபர் 16, மாலை 4.30 மணிக்கு வாரிங்டனில் தான் ஃப்ரீமேசன் ஆனதாக எழுதுகிறார். கூடவே சேர்ந்தவர் கர்னல் ஹென்றி மேன்வாரிங். உள்நாட்டுப் போர் சில மாதம் முன்புதான் ஓய்ந்திருந்தது. ஆஷ்மோல் மன்னர் பக்கம், கர்னல் நாடாளுமன்றப் பக்கம். இரண்டு பேரும் ஒரே அறையில் சகோதரர்கள் ஆகிறார்கள். கர்னலின் ஊர் இன்றைய வரைபடத்தில் கெர்மிஞ்சம், ஆஷ்மோல் எழுதியது காரிஞ்சம். மேன்வாரிங் என்ற பெயரை உச்சரிப்பதோ 'மானரிங்'. அந்தக் குடும்ப ஆவணங்களில் இந்தப் பெயருக்கு 131 எழுத்து வடிவங்கள் இருப்பதாக வில்லியம் டக்டேல் கணக்கெடுத்தார் என்பார்கள். இந்த டக்டேல் பிற்பாடு ஆஷ்மோலுக்கு மாமனார் ஆனவர். விருந்து மேசையில் இதை வைத்து என்னவெல்லாம் கிண்டல் நடந்திருக்குமோ!

வேடிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அதற்கு நம்மூர்க் கதை ஒன்று இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களில் திருச்சிராப்பள்ளி லாட்ஜில் ஃப்ரீமேசன் ஆனார். லண்டன் கிராண்ட் லாட்ஜ் மகிழ்ந்துபோய் அலங்கார ஏப்ரனும் விதிநூலும் அனுப்பிவைத்தது. ஆங்கிலப் பதிவுகளில் அவர் பெயர் 'ஆம்டிட்-உல்-ஓம்ரா' என்றெல்லாம் உருண்டது. அது சாதாரண, நிஜமான பிழை. அதனால் யாருக்கும் கேடில்லை.

கேடு வந்தது வேறொரு பெயர்ப் புதிரால். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் ஆவணங்களில் ஒரு சங்கேதப் பட்டியல் கிடைத்ததாகக் கம்பெனி சொன்னது. ஆங்கிலேயர் 'புதிதாக வந்தவர்கள்', நிஜாம் 'ஒன்றுமில்லாதவர்', பழைய நவாப் 'மனிதகுல நண்பர்'. புதிரை அவிழ்த்த அதிகாரிகள், அப்பாவும் பிள்ளையும் திப்புவோடு சதி செய்ததற்கு இது சான்று என்றார்கள். 1801 ஜூலையில் உம்தத்-உல்-உம்ரா இறந்ததும் கர்நாடக அரசின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கம்பெனியில் வேலை பார்த்த வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மில்லே, இந்தச் சான்று குற்றத்தை நிரூபிக்கவில்லை என்றுதான் எழுதினார். பட்டியல் போலி என்று நான் சொல்லவில்லை. பெயர்களை அவிழ்த்தது வேறு, சதியை நிரூபிப்பது வேறு. முதலாவது முடிந்ததும் இரண்டாவதும் முடிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. ஒரு அரசைப் பறிக்க அந்தத் திருப்தி போதுமானதாக இருந்தது.

ஹாலிவெல்லுக்கு ஒரு தடவை திரும்புவோம். பொய்ச் சுவடியை அம்பலப்படுத்திய அதே காலத்தில்தான் அவர் நிஜமான ஒன்றை அடையாளம் காட்டினார். இன்று தெரிந்தவற்றிலேயே மிகப் பழைய மேசன் ஆவணம், 794 வரிக் கவிதை, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தது. 1734ஆம் வருஷப் பட்டியலில் அதற்குக் கொடுத்திருந்த தலைப்பு 'ஒழுக்கக் கடமைகள் பற்றிய கவிதை'. அவ்வளவுதான். இல்லாத சுவடியை எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, இருந்த சுவடி நூறு வருஷம் தப்பான பெயரில் அலமாரியில் கிடந்தது.

வாட்ஸப்பில் வாரம் ஒரு சொல்லாராய்ச்சி வருகிறது. அந்த வெளிநாட்டு ஊரின் பெயர் உண்மையில் இந்தத் தமிழ்ச் சொல்லின் சிதைவு என்று. படித்ததும் எனக்கும் ஒரு கணம் சிலிர்க்கிறது, பொய் சொல்வானேன். இப்போதெல்லாம் அந்தச் சிலிர்ப்பு வந்தால் ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். மூலப் படி எந்த நூலகத்தில் இருக்கிறது, யாராவது போய்ப் பார்த்தார்களா? ஹாலிவெல் செய்தது அதைத்தான். என் நண்பரின் கோடிலும் அன்றைக்கு நான் முதல் பிழையோடு நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் படித்திருக்க வேண்டும்.