அறிவுப் பரிமாற்றக் கூட்டாண்மை (பிரித்தானியா)

பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தொழில் நிறுவனங்களும் ஒரே திட்டத்தில் சேர்ந்து உழைப்பதற்குப் பிரித்தானிய அரசு வழங்கும் நிதித்திட்டம் அறிவுப் பரிமாற்றக் கூட்டாண்மை. பணம் என்ன நிபந்தனையோடு வருகிறதோ அதுவே கூட்டுறவின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வரலாறு

1975இல் ‘டீச்சிங் கம்பெனி’ திட்டமாக இது தொடங்கியது. மருத்துவ மாணவர்கள் மருத்துவமனையிலேயே தொழில் பழகுவதுபோல, பட்டதாரிகள் தொழிற்சாலைக்குள்ளேயே பழக வேண்டும் என்பது நோக்கம். 2003இல் இன்றைய பெயரைப் பெற்றது. ‘இன்னோவேட் யூகே’ அமைப்பு இதை நிர்வகிக்கிறது.

அமைப்பும் நிதியும்

நிறுவனம், பல்கலைக்கழகம், ஒரு பட்டதாரி என முத்தரப்பும் சேர்ந்ததே ஒரு திட்டம். பொதுவாக 12 முதல் 36 மாதம் வரை நடக்கும். பட்டதாரியைப் பணியில் அமர்த்துவது பல்கலைக்கழகம். அவர் பெரும்பாலும் வேலை செய்வது நிறுவனத்தில். பேராசிரியர் வாரத்துக்கு ஏறத்தாழ அரைநாள் ஒதுக்கி அவருக்கு வழிகாட்டுகிறார். திட்டம் முடிந்ததும் அதே நிறுவனம் பட்டதாரியை நிரந்தரமாக வைத்துக்கொள்வதும் உண்டு.

செலவில் சிறு, நடுத்தர நிறுவனங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கையும் பெரிய நிறுவனங்கள் பாதியையும் ஏற்கின்றன. மீதி அரசு மானியம்.

நிதியின் தாக்கம்

கைப்பணம் போடும் நிறுவனம் பலனைக் கேட்கிறது. அதனால் ஆய்வுக் கேள்வி தொழிற்கூடத்தின் தேவையிலிருந்து பிறக்கிறது. இரு இடங்களுக்கும் நடுவே நாள்தோறும் உழைக்கும் ஒருவருக்குச் சம்பளம் கிடைப்பதே இத்திட்டத்தின் பெரிய பலம். ஆனால் பங்குத்தொகை கட்ட இயலாத சிறு அமைப்புகளுக்கு இதில் நுழைவது கடினம். உடனடி ஆதாயம் காட்டாத கேள்விகளும் பின்தங்குகின்றன.

பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை அளவிடும் பிரித்தானியாவின் ஆய்வுத் தரமதிப்பீடு இதிலிருந்து வேறு வழியில் செயல்படுகிறது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஆய்வு ஏற்படுத்திய தாக்கத்துக்கு அது 2014இல் 20 விழுக்காடும், 2021இல் 25 விழுக்காடும் மதிப்பளித்தது. இது ஆய்வாளர்களை வெளியுலகோடு உறவாடத் தூண்டியது உண்மையே. ஆனால் மதிப்பெண்ணும் அதையொட்டி வரும் நிதியும் பல்கலைக்கழகத்துக்கே சேர்கின்றன. ஆய்வுக்குத் தோள்கொடுத்த செவிலியர், பள்ளி ஆசிரியர், சமூகப் பணியாளர் ஆகியோரின் நேரத்துக்கு அதில் தனி ஒதுக்கீடு கிடையாது.

மதிப்பீடு

கூட்டாண்மை நிலைக்க நல்லெண்ணம் மட்டும் போதாது. களத்தில் உழைப்பவரின் நேரத்துக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் தரும் நிதியே இரு தரப்பையும் சமமாக அமர வைக்கும்.