பெண்கள் சொன்னால் சாட்சியம் ஆகாதா?

பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வெளிவந்தது. அதில் ஒரு பஞ்சாயத்து வருகிறது. விறகு பொறுக்கப் போன மாரியம்மா, தண்ணீர் குடிக்க பம்புசெட் பக்கம் போகிறாள். நிலத்துக்காரர் அவளைப் பிடித்து இழுக்கிறார். அவள் தப்பி ஓடி வந்துவிடுகிறாள். ஆனால் அவர் முந்திக்கொண்டு, அவளையும் மாணிக்கம் என்ற இளைஞனையும் தன் தோட்டத்தில் தவறாகப் பார்த்ததாக நாட்டாமையிடம் சொல்லிவிடுகிறார். ஊர் கூடுகிறது. பேச முயன்ற பெண்களை ஆண்கள் அதட்டி அடக்குகிறார்கள். முடிவில் மாணிக்கத்துக்கு 100 ரூபாய் அபராதம், மாரியம்மாவுக்கு 200 ரூபாய்.

தோழர்களே, இந்தக் கணக்கைக் கவனியுங்கள். என்ன நடந்தது என்று மாரியம்மாவுக்குத் தெரியும், அவள் தோழிகளுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சொல் அங்கே சாட்சியம் ஆகவில்லை. நிலம் வைத்திருந்தவரின் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. பெண்கள் பேசினால் அதற்கு ஊரில் பெயர் வம்பு. பாமா அந்த ‘வம்பை’, பெண்கள் வயலிலும் தெருவிலும் பேசிய அதே மொழியில் எழுதி வைத்தார். பஞ்சாயத்து கேட்க மறுத்த வாக்குமூலம் நாவலில் பதிவானது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. தேவதாசி முறையை மரபு என்றும் கலை என்றும் பலர் காத்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சூழலில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டார். சுயமரியாதை மேடைகளில் பேசியதைக் கதையாக்கினார். அதை அனுபவித்தவளே அதைப் பற்றிச் சொல்லத் தகுதியுள்ளவள் என்று நிறுவினார். சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது 1947இல்.

ப. சிவகாமி கேள்வியை நம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். 1989இல் வந்த ‘பழையன கழிதலும்’ நாவலில், ஆதிக்கச் சாதியினரால் அடிக்கப்பட்ட தங்கம் என்ற தலித் பெண், காத்தமுத்து என்ற தலித் தலைவரிடம் நியாயம் கேட்டு வருகிறாள். அவர் அவளுக்காக நிற்கிறார். அதே வீட்டில் பெண்கள் மீது அதிகாரமும் செலுத்துகிறார். தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா என்று விமர்சனம் எழுந்தது. சிவகாமி பின்வாங்கவில்லை. 1997இல் ‘ஆசிரியர் குறிப்பு’ எழுதி, தன் நாவலையே விசாரணைக்கு உட்படுத்தினார். எழுதியவள் எங்கிருந்து பார்த்தாள், எதைச் சொன்னாள், எதை விட்டாள் என்று கேட்டார். ‘நான் சொல்வதே உண்மை’ என்று உயரத்தில் நின்று பேசும் ஆண் அறிவுக்கு இதைவிட நேரான பதில் என்ன இருக்கிறது?

வல்லக்கோட்டையில் வேலை செய்யும் எங்களுக்கு இது பழைய இலக்கியச் செய்தி அல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை நம்பி வந்த பெண்கள் இங்கே சுற்றிலும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழிகள் நோயுற்ற பிறகு, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டதில் முதன்மையானது, தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்ற தகவல். அந்த உணவின் தரம் அதைத் தினமும் சாப்பிட்டவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சாலைக்கு வந்த பிறகே நாடு அதைக் கேட்டது.

களத்துக்குப் போகும் மாணவர்களிடம் நாங்கள் ஒன்றைக் கேட்கிறோம். உண்மை அறியும் குழு என்று ஊருக்குள் நுழைந்ததும் நாம் யாரிடம் முதலில் பேசுகிறோம்? பெரும்பாலும் ஊர்த் தலைவரிடம், சங்கச் செயலாளரிடம். இருவரும் ஆண்கள். அறிக்கையும் அவர்கள் வாயாலேயே முடிந்துவிடுகிறது. தண்ணீர்க் குழாயடியிலும் நூறு நாள் வேலைத் தளத்திலும் விடுதி வாசலிலும் பேசப்படுவதை, பேசியவர்களின் சொற்களிலேயே எழுதுங்கள். நம் அமைப்புக்குள் இருக்கும் காத்தமுத்துகளைப் பற்றி அவர்கள் சொன்னால், அதையும் விடாமல் எழுதுங்கள்.