வெண்வடு சொன்ன சாட்சி



கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போரை ஓர் ஐயம் அடிக்கடி வாட்டுவதுண்டு. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட சின்னஞ்சிறு நத்தைகள் பவளத்தைத் தின்கின்றனவா, பாசியை மட்டும் மேய்கின்றனவா என்பதே அது. இதே ஐயம் ஒரு காலத்தில் பெருங்கடலிலும் எழுந்தது. அதற்கு விடை கண்ட வரலாறு நமக்கு நல்லதொரு பாடம்.

துருபெல்லா என்னும் கடல் நத்தை பெரும்பாலும் 2 முதல் 4 செ.மீ. நீளமே உடையது. அதன் ஓர் இனத்துக்கு ரோடிங் என்னும் செருமானிய அறிஞர் 1798ஆம் ஆண்டிலேயே பெயர் சூட்டினார். பெயர் கிடைத்ததே தவிர, அதன் வாழ்க்கை நெடுங்காலம் பெரிதாக ஆராயப்படவில்லை.

1962ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள கிரீன் தீவில் முள்முடி நட்சத்திர மீன்கள் பல்கிப் பெருகின. அதன் பின்னர்ப் பவளத்தின் பகைவன் என்றாலே அந்த மீன்தான் அனைவர் நினைவிலும் நின்றது. கைவிரல் அளவுகூட இல்லாத நத்தையை யார் ஐயுறுவார்?

ஐயுறும் காலமும் வந்தது. தோக்கியோவுக்குத் தெற்கே உள்ள மியாகேஜிமா தீவில் 1976ஆம் ஆண்டளவில் துருபெல்லா நத்தைகள் பெருந்திரளாகக் காணப்பட்டன. அவை உயிருள்ள பவளத்தையே அழிக்கின்றன என்பதை ஜப்பான், பிலிப்பைன்ஸ் ஆகிய இரு நாடுகளின் சான்றுகளோடு 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை எடுத்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டிலும் இந்நத்தைகள் பெருகின. அங்குச் சில பகுதிகளில் உயிர்ப்பவளத்தின் பரப்பு முக்கால் பங்கு வரை குறைந்தது. சிறியது என்று எள்ளியதன் விலை அது!

குற்றவாளியை இனங்காண்பது எளிதாக இருக்கவில்லை. இந்நத்தை பகலில் பவளக் கிளைகளின் அடியில் கூட்டமாக ஒளிந்திருக்கும். பெரும்பாலும் இரவில்தான் இரை தேடும். அதன் ஓட்டின்மேல் இளஞ்சிவப்புப் பாசி படர்ந்திருப்பதால் பாறையோடு பாறையாகத் தோன்றும். பற்கள் பதிந்த நாடா போன்ற நாக்கினால் அது பவளத்தின் தசையைச் சுரண்டி உண்ணும். உண்ட இடத்தில் எலும்புக்கூடு வெளுத்துத் தெரியும். அந்த வெண்வடுவே முதற்சான்று. எனினும் முள்முடி மீனும் அத்தகைய வடுவையே விட்டுச் செல்லும். நோயும் வெண்மை தரும். சில நாள்களில் வடுவின்மேல் பாசி படர்ந்துவிடும். அதன்பின் காரணம் காண்பது அரிது. ஆகவே புதிய வடு, அதன் விளிம்பில் கூடியிருக்கும் நத்தைகள் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கண்ட பின்னரே தீர்ப்பு வழங்க வேண்டும். வெறும் பாறையில் பாசி மேயும் நத்தையைக் குற்றவாளி ஆக்குதல் அறமன்று. முள்முடி மீனையே வேட்டையாடி உண்ணும் பெருஞ்சங்கும் நத்தை இனந்தானே!

ஒரு நத்தை மேயும் இடத்தில் பல நத்தைகள் கூடுவதேன்? ஜப்பானிய வேதியியலாளர்கள் 2005ஆம் ஆண்டில் ஒரு பகுதி விடை தந்தனர். மான்டிபோரா என்னும் பவளத்தில் உள்ள சில வேதிப்பொருள்கள் இந்நத்தையை ஈர்க்கின்றன என அவர்கள் கண்டறிந்தனர்.

நம் அண்டை நாடான தாய்லாந்திலும் இக்கதை தொடர்ந்தது. 2010ஆம் ஆண்டில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறின. அதன்பின் கோ தாவ் தீவில் இந்நத்தைகள் தாம் வழக்கமாக நாடாத காளான் பவளங்களையும் தின்னத் தொடங்கின. விரும்பும் இரை குறைந்தபோது கிடைத்ததை உண்டன போலும். அவ்வாறெனில், பவளத்தின் துன்பத்துக்கு நத்தை மட்டுமா பொறுப்பு? கடலைச் சூடேற்றிய மனிதருக்கும் அதில் பங்குண்டு அல்லவா?

தொட்டி வளர்ப்போர் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கற்கலாம். விளக்கணைந்த பின் ஒரு கைவிளக்கோடு பாருங்கள். நத்தை எங்கே இருக்கிறது, அதன் அருகே புதிய வெண்வடு உண்டா என்று நோக்குங்கள். ஐயத்துக்குரியதைத் தனியே பிரித்து, வடு பெருகுவது நிற்கிறதா எனக் காத்திருங்கள். குற்றம் சாட்டுவதற்குமுன் சான்று தேடும் பழக்கம் வகுப்பறைக்கும் வாழ்க்கைக்கும்கூடப் பொருந்தும்.