வழி விட்டு வழி மறித்த மலைநாடு

மலைநாட்டிலே பிறந்து, தேயிலைச் செடிக்கும் பாறைக்கும் இடையே ஓடும் ஒற்றையடிப் பாதைகளில் நாள்தோறும் நடந்து பழகிய நமக்கு, இந்த மலைகளுக்கும் ஒரு யுத்த சரித்திரம் உண்டு என்பது பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை. பாடசாலைப் புத்தகத்தில் போர்கள் ஆண்டும் பெயருமாக வருகின்றன. பரீட்சை முடிந்ததும் மறைந்துவிடுகின்றன. ஆனால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூன்று வல்லரசுகள் கரையோரத்தில் வலுவாகக் காலூன்றிய பின்பும், 1594 முதல் 1815 வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியம் தலைநிமிர்ந்து நின்றது. பீரங்கியிலும் கப்பலிலும் பணத்திலும் மிக்கவர்களை ஒரு சிறிய மலை இராச்சியம் எவ்வாறு தடுத்தது? அதற்கு விடை, சிறு சிறு கூட்டமாகப் பதுங்கியிருந்து தாக்கும் கலையிலே இருக்கிறது. அந்தக் கலையையும், அதனால் யார் யார் பாதிக்கப்பட்டார்கள் என்பதையும், அது எப்படி முடிந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீரமா, உபாயமா?

பதுங்கியிருந்து தாக்குவது வீரமாகுமா என்று பெரியோர் சிலர் கேட்கலாம். சங்கு முழக்கி, பகலிலே எதிரெதிர் நின்று பொருவதே தருமயுத்தம் என்று இதிகாசம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் திருவள்ளுவர், வலியறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துக் காலமறிதல், இடனறிதல் என்று இரண்டு அதிகாரங்களை வகுத்து வைத்தார். வலிமை ஒன்று மட்டும் போதாது என்பது அவர் கருத்து. நான் படித்த மிஷன் பாடசாலையில் வேதாகம வகுப்பிலே யோசுவா ஆயி பட்டணத்தைப் பிடித்த வரலாற்றைக் கற்றோம். படையில் ஒரு பகுதியைப் பட்டணத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, மறுபகுதி தோற்று ஓடுவதுபோல் ஓடி எதிரியை வெளியே இழுத்த கதை அது. கி.பி. 9ஆம் ஆண்டில் வாருஸ் என்னும் ரோமத் தளபதி ஜெர்மானியக் காட்டுப் பாதையில் மூன்று லீஜியன் படைகளை இழந்ததும் இவ்விதமான பொறியிலேதான். சிறியது பெரியதை எதிர்க்க நேரும் இடத்தில் எல்லாம் இந்த உபாயம் தோன்றியிருக்கிறது. இன்றும் காலாட்படைப் பயிற்சிகளில் இது தவறாத ஒரு பாடமாகும்.

இந்த உபாயத்தின் உயிர்நிலை மூன்று. முதலாவது, இடம்: ஒரு பக்கம் செங்குத்தான சரிவும் மறுபக்கம் பள்ளமோ ஆறோ இருந்து, எதிரி பக்கவாட்டில் விரிந்து அணிவகுக்க முடியாத குறுகிய வழியாக அது இருக்கவேண்டும். இரண்டாவது, செய்தி: எதிரி எத்தனை பேர், என்ன சுமை, எந்த நாள், எந்த வழி என்பது முன்கூட்டியே தெரியவேண்டும். மூன்றாவது, பொறுமை: முன்னே வருபவரைக் கண்டதும் அவசரப்பட்டுச் சுடாமல், வரிசை முழுவதும் உள்ளே நுழையும்வரை மூச்சடக்கிக் காத்திருக்கவேண்டும். அடித்தவுடன் தாங்கள் விலகிச் செல்லும் வழியையும் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பொறி வைத்தவனே பொறியில் விழுவான்.

மலை தந்த கோட்டை

கண்டி நாட்டுக்கு இந்த மூன்றும் வாய்த்திருந்தன. கரையோரத்திலிருந்து மேலே வரும் வழிகள் சில கணவாய்களுக்குள் அடங்கியவை. அவற்றுள் ஒன்று பலன. அப்பெயருக்குச் சிங்களத்திலே ‘பார்க்கும்’ என்று பொருள். காவலுக்கு எத்தனை பொருத்தமான பெயர்! மூதூர்க் கரையில் 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பியோடும்வரை கண்டி நாட்டிலே கைதியாக வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டுப் போர்முறையை விவரித்திருக்கிறார். பாதைகளுக்குக் குறுக்கே முள்வாயில்கள் கட்டிக் காவல் வைத்தார்கள் என்றும், வெட்டவெளியில் எதிர்நின்று பொருவதைவிட வழிகளை அடைத்து, பாறைக்கும் மரத்துக்கும் இடையே ஒளிந்திருந்து சுடுவதையே விரும்பினார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

அந்தப் போர்வீரனின் சுமையை எண்ணிப் பாருங்கள்! தன் உணவை வீட்டிலிருந்து தானே கொண்டுவந்தான். கூடாரத்துக்குப் பதிலாகத் தாளிப்பனை ஓலை ஒன்று. வெயிலுக்குக் குடை, மழைக்குக் கூரை, இரவிலே குடிசை எல்லாம் அதுவே. ஒருவர் இருவரே தூக்கிச் செல்லக்கூடிய ‘கொடித்துவக்கு’ என்னும் சிறு பீரங்கியைப் பாறை மறைவில் வைத்துச் சுட்டார்கள். எதிரியின் பெரும் பீரங்கியோ சேற்றிலே புதைந்து, இழுப்பாரின்றிக் கிடக்கும். சுமை குறைந்தவன் மலையில் வெல்வான் என்பது கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறும் நம் தாய்மாருக்குச் சொல்லித் தெரியவேண்டிய உண்மையன்று.

நுழைவது எளிது, மீள்வது அரிது

பாரதப் போரில் அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்தினுள் புகும் வழி தெரியும். வெளியே வரும் வழி தெரியாது. கண்டிக்குப் படையெடுத்தவர்களின் கதையும் அதுவே. கண்டியர் வாசலில் நின்று முழுப் பலத்தோடு தடுப்பதில்லை. தலைநகரை வெறுமையாக்கிவிட்டு விலகுவார்கள். வந்தவர்கள் வெற்றி என்று மகிழ்வார்கள். பிறகு உணவு குறையும், மழை பிடிக்கும், காய்ச்சல் பரவும். அதன்பின் திரும்பும் பாதையிலேதான் உண்மையான போர் தொடங்கும்.

1594இல் பேதுரோ லோப்பஸ் டி சூசா கண்டியைப் பிடித்து, குசுமாசன தேவி என்னும் டோனா கத்தரீனாவை அரசியாக்கினார். எதிர்த்து நின்றவர் கொனப்பு பண்டார; போர்த்துக்கேயரிடமே பயின்று அவர்களுடைய பலவீனங்களை அறிந்தவர். உணவு தேடிச் சென்ற சிறு கூட்டங்களை அவர் ஒவ்வொன்றாக அழித்தார். போர்த்துக்கேயருக்குத் துணைநின்ற சுதேசத் தலைவன் ஜயவீர பண்டாரமீது அவர்களுக்கே சந்தேகம் எழும்படி ஒரு பொய்க் கடிதம் விடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. போர்த்துக்கேயர் ஜயவீரனைக் கொன்றார்கள். உடனே லஸ்கரீன் என்னும் உள்ளூர் வீரர்கள் அவர்களை விட்டு நீங்கினார்கள். ஒக்டோபர் மாதத்தில் பின்வாங்கிய படை, இன்றைய பிலிமத்தலாவைக்கு அருகிலுள்ள தந்துறையில் அழிந்தது. கொனப்பு பண்டார விமலதர்மசூரியன் என்ற பெயரோடு அரசாண்டார்.

1630 ஓகஸ்ட் மாதத்தில் கொன்ஸ்தந்தீனு டி சா, ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில், வெல்லவாயாவுக்கு அருகே ரந்தெனிவெலையில் சூழப்பட்டார். அவருடைய படையிலிருந்த முதலியார்களே இரகசியமாகக் கண்டி அரசனோடு சேர்ந்திருந்தார்கள். மழையில் துவக்குத் திரிகள் நனைந்து அணைந்தன. டி சா அங்கேயே மாண்டார். 1638 மார்ச் மாதத்தில் தியோகு டி மேலோ, வெறுமையாய்க் கிடந்த கண்டியை எரித்துவிட்டுத் திரும்பும்போது, பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் வழி அடைபட்டது. இரண்டாம் இராஜசிங்கனின் படை சூழ்ந்துகொண்டது, தண்ணீர் இல்லை, உள்ளூர் வீரர்கள் மறுபக்கம் போய்விட்டார்கள். போர்த்துக்கேயருள் தப்பியவர் மிகச் சிலரே. 1765இல் ஒல்லாந்தரும் கண்டிக்குள் நுழைந்து, பசியும் நோயும் வாட்டச் சில மாதங்களில் வெளியேறினார்கள்.

இந்த மூன்று போர்களிலும் முதலில் முறிந்தது ஆயுதமன்று, நம்பிக்கையே. கூட நிற்பவன் மனம் வேறுபட்டபின் பீரங்கியால் என்ன பயன்?

1803உம் 1804உம்

ஆங்கிலேயரும் இதே பாடத்தை இரத்தத்தால் கற்றார்கள். 1803 பெப்ரவரியில் அவர்கள் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாக இருந்தது. முத்துசாமி என்பவரை அரசனாக்கிவிட்டு, மேஜர் டேவியின் கீழ் ஒரு படையை விட்டுச் சென்றார்கள். காய்ச்சல் அப்படையைத் தின்றது. ஜூன் 24ஆம் தேதி டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் புறப்பட்டவர்களை வட்டாப்புளுவையில் வெள்ளம் பெருகிய மகாவலி மறித்தது, தோணி இல்லை. முத்துசாமியை ஒப்படைத்தார்கள், அவர் கொல்லப்பட்டார். பின்பு ஆயுதம் களைந்த வீரர்களும் கொல்லப்பட்டார்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் தப்பவில்லை. பொறி வைத்து வெல்வது போர்த்தந்திரமாகலாம். சரணடைந்தவனையும் நோயாளியையும் கொல்வதை எந்தத் தருமமும் ஏற்காது. கண்டியின் திறமையைப் பாராட்டும் நாம் இதையும் மறைக்கக்கூடாது.

மறு ஆண்டு கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 300 வீரருடன் கண்டிக்குப் புறப்பட்டார். பல திசைகளிலிருந்தும் படைகள் கூடவேண்டிய அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அவருக்கு வந்த கட்டளை தெளிவாக இல்லை. ஒக்டோபரில் கண்டியை அடைந்து பார்த்தால் வேறு படை எதுவும் அங்கே இல்லை! திரும்பும் வழியெங்கும் சரிவுகளிலிருந்து சூடு. பாதையிலே வெட்டிச் சாய்த்த மரங்கள். பெரும் இழப்போடு திருகோணமலையை அடைந்த அவர், 1810இல் வெளியிட்ட நூலில் கண்டியரின் முறையைக் கூர்மையாக விளக்கினார். அவர்கள் குறிவைத்தது வீரரை மட்டுமல்ல, சுமைகாரரையுமே. சுமைகாரர் பயந்து பொதியைப் போட்டுவிட்டு ஓடினால், சோறும் மருந்தும் தோட்டாவும் ஒருங்கே போய்விடும் அல்லவா?

பெயரில்லாதவர்கள்

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். அரிசி மூட்டையும் வெடிமருந்துப் பெட்டியும் காயப்பட்டவர் கிடந்த தூளியும் தூக்கி நடந்த மனிதன் யார்? அவன் கையில் ஆயுதம் இல்லை. அந்தப் போரிலே அவனுக்கு ஒரு பங்கும் இல்லை. இருந்தும் முதற் குண்டு அவனைத் தேடியே வந்தது. தளபதிகளின் பெயர் நூல்களில் இருக்கிறது. டேவியின் பெயர் வட்டாப்புளுவையில் நிலைத்திருக்கிறது. சுமந்தவனின் பெயர் எங்கும் இல்லை. சுமந்தே வாழ்ந்த மக்களின் பிள்ளைகளாகிய நாமாவது அவனை நினைக்கவேண்டும்.

பாதை முடித்த போர்

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது படைபலத்தால் மட்டுமன்று. பிரதானிகள் அரசன் சிறீ விக்கிரம இராஜசிங்கனை விட்டு விலகியதாலேயே. வழி காத்தவர்களே வழி விட்டார்கள். மதுரை நாயக்கர் வழிவந்த அந்த அரசன் வேலூரிலே சிறையிருந்து 1832இல் இறந்தான். 1817–18இல் ஊவா வெல்லஸ்ஸை மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவையே அவர்களுக்குத் தலைவரானார். மலைப்பாதைகள் மீண்டும் பொறிகளாயின. ஆங்கிலேயர் சென்னையிலிருந்து துணைப்படை வருவித்தார்கள். நாடெங்கும் சிறு சிறு காவல் நிலைகளை நிறுவினார்கள். வீடுகளையும் நெல்லையும் எரித்தார்கள். ஒளிந்திருப்பவனுக்குச் சோறு கொடுக்கும் கிராமம் அழிந்தால் ஒளிவிடமும் அழியும் என்று கண்டுகொண்டார்கள். 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொல சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அதன்பின் வந்த தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ், வாளால் முடியாததை வீதியால் முடித்தார். கொழும்பு – கண்டி வீதி 1820களில் கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து சென்றது. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். காடு வெட்டப்பட்டது, மறைவிடம் மறைந்தது. முதலில் கோப்பிக்கும் பின்பு தேயிலைக்கும் அந்தக் காடுகளைத் திருத்த வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிலே பசிக்கும் வாந்திபேதிக்கும் பலரைப் பலிகொடுத்த நம் முன்னோர்கள். கண்டியைக் காத்த காடு போன இடத்தில், நம்மைக் காத்த லயமும் நம் உழைப்பை உண்ட தோட்டமும் எழுந்தன. ஆகவே இந்தச் சரித்திரம் யாரோ ஒருவருடைய சரித்திரமன்று. அதன் கடைசி அத்தியாயத்தை எழுதிய கைகளில் நம் பாட்டன் பாட்டியின் கைகளும் உண்டு.

நாம் கொள்ளவேண்டியது

வாலிப நண்பர்களே! பதுங்கித் தாக்கும் போரை மீண்டும் நடத்துவதற்காக நாம் இதைப் படிக்கவில்லை. நம் தலைமுறை கண்ட யுத்தத் துயரம் போதும். ஆனால் அந்தச் சிறு கூட்டங்களின் வெற்றிக்குக் காரணமானவை சமாதான காலத்துக்கும் உரியவை. தன் மண்ணை அடி அடியாக அறிந்திருத்தல், செய்தியை ஆராய்ந்து நம்புதல், காலம் கனியும்வரை பொறுத்தல், கூட நிற்பவனைக் கைவிடாதிருத்தல் ஆகிய நான்கும் உள்ள சமூகம் சிறியதாயினும் அழியாது. ஒற்றுமை போன அன்றைக்கு எத்தனை உயர்ந்த மலையும் காவாது என்பதற்கு 1815ஆம் ஆண்டே சாட்சி.

அடுத்த முறை கடுகண்ணாவையில் புகையிரதம் மெல்ல ஏறும்போது, அல்லது ஹங்குராங்கெத்தை, வலப்பனைப் பக்கம் போகும்போது, சன்னல் வழியே அந்தச் சரிவுகளைச் சற்று உற்று நோக்குங்கள். ஓலை பிடித்துக் காத்திருந்தவனையும், பொதி சுமந்து விழுந்தவனையும், பாறை உடைத்து வழி சமைத்தவனையும் ஒருசேர நினைத்துக்கொள்ளுங்கள்.